முன்பின் தெரியாதவருக்கு ஒரு கார்டு!

ஓசூரிலிருந்து வெளிநாடு போகும் பொருள்கள் ஏராளம். மோட்டார் சைக்கிள் போகிறது. கைக்கடிகாரம் போகிறது. ரோஜாப்பூ விமானம் ஏறிப் போகிறது. கிருஷ்ணகிரி மாம்பழம் கூழாகி, டின்னில் அடைபட்டு, கப்பல் ஏறிப் போகிறது.

ஆனால், அவற்றைச் செய்தவர்களின் பெயர் போவதில்லை!

ஆப்பிரிக்காவில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்காருகிறார். அதைப் பூட்டியவர் யார் என்று அவருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் ஓர் இளைஞன் தன் காதலிக்கு ரோஜாப்பூ கொடுக்கிறான். அதைப் பறித்த கை பாகலூர்க் கையா, தளிக் கையா என்று அவன் கேட்பதில்லை. அதேபோல, தான் செய்த பொருள் எந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று தொழிலாளிக்கும் தெரிவதில்லை.

பொருள் மட்டும்தான் போக வேண்டுமா? மனிதனின் கையெழுத்தும் போகலாமே!

போகலாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு படக் கார்டு, ஒரு பேனா, தபால்தலை, ஐந்தாறு வரி. அவ்வளவுதான்! உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், முன்பின் பார்த்திராத ஒருவர் வீட்டு வாசலில், தபால்காரர் அந்தக் கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

இதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகம் முழுவதும் சுமார் 8 லட்சம் பேர் இருக்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்குக்குப் 'போஸ்ட்கிராசிங்' என்று பெயர்.

துணி அலமாரியில் பிறந்தது!

போர்ச்சுகல் நாட்டில் பாவ்லோ மகல்யாயிஷ் என்ற மாணவர் இருந்தார். அவருக்குத் தபால் வந்தால் போதும், கொள்ளை மகிழ்ச்சி. ஆனால், அவருக்குக் கடிதம் எழுதுவோர் அதிகம் இல்லை.

'என்னைப்போல் தபாலுக்குக் காத்திருப்பவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்களே! அவர்களை எல்லாம் ஒன்று சேர்த்தால் என்ன?' என்று நினைத்தார்.

2005-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, இதற்காக ஓர் இணையதளத்தைத் தொடங்கினார். அதை நடத்திய கம்ப்யூட்டர் எங்கே இருந்தது தெரியுமா? அவருடைய வீட்டில், துணி வைக்கும் அலமாரிக்குள்!

சில நண்பர்கள் விளையாடிப் பார்ப்பார்கள் என்றுதான் அவர் எண்ணினார். ஆனால், செய்தி ஊர் ஊராக, நாடு நாடாகப் பரவியது. அலமாரிக் கம்ப்யூட்டரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2012-ம் ஆண்டில், போய்ச் சேர்ந்த கார்டுகளின் எண்ணிக்கை 1 கோடியைத் தொட்டது. இப்போது 7 கோடியையும் தாண்டிவிட்டது.

2011-ம் ஆண்டில் நெதர்லாந்து நாடு இந்தப் பொழுதுபோக்குக்காகவே தபால்தலை வெளியிட்டது. பிறகு பின்லாந்து முதலிய நாடுகளும் வெளியிட்டன.

கம்ப்யூட்டரும் செல்போனும் வந்து கார்டைக் கொன்றுவிட்டன என்கிறோம். அதே கம்ப்யூட்டர்தான் இங்கே கார்டுக்கு விலாசம் தேடிக் கொடுக்கிறது! வேடிக்கைதான்.

நடப்பது எப்படி?

முதலில் பெயரையும் விலாசத்தையும் பதிவு செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது.

பிறகு, "எனக்கு ஒரு விலாசம் வேண்டும்" என்று கேட்க வேண்டும். உடனே ஒருவருடைய விலாசம் வரும். அவர் ஜெர்மனிக்காரராக இருக்கலாம், ஜப்பான்காரராக இருக்கலாம், பின்லாந்துப் பாட்டியாகவும் இருக்கலாம். யார் வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

விலாசத்துடன் ஓர் எண்ணும் வரும். இந்தியாவிலிருந்து போகும் கார்டு என்றால், அந்த எண் 'ஐ.என்.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அதைக் கார்டில் மறக்காமல் எழுத வேண்டும்.

கார்டு போய்ச் சேர்ந்ததும், பெற்றவர் அந்த எண்ணை இணையதளத்தில் பதிவார். இரண்டு வரி நன்றியும் சொல்வார். அப்போதே அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும், கார்டு எத்தனை நாளில் எவ்வளவு தூரம் போனது என்று.

சரி, கார்டைப் பெற்றவர் பதில் கார்டு போடுவாரா?

போட மாட்டார்! இங்கேதான் இந்த விளையாட்டின் சூட்சுமம் இருக்கிறது.

ஓசூர்க்காரர் பின்லாந்துக்குக் கார்டு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது போய்ச் சேர்ந்ததும், அடுத்துக் கார்டு பெற வேண்டியவர்கள் வரிசையில் ஓசூர்க்காரரின் பெயர் சேரும். எங்கோ தைவானில் ஒருவர் விலாசம் கேட்பார். அவருக்கு ஓசூர் விலாசம் போகும். ஆக, பின்லாந்துக்குக் கொடுத்தது தைவானிலிருந்து வரும்!

கிராமத்தில் மொய் எழுதுகிறோம். எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு, வாங்கியவர் திருப்பி எழுத வேண்டும். இங்கே அப்படி இல்லை. வாங்கியவர் ஒருவர், திருப்பித் தருபவர் வேறொருவர். ஆனாலும் கணக்குத் தவறுவதில்லை. ஒருவர் அனுப்பிய கார்டுகள் எத்தனை போய்ச் சேர்ந்தனவோ, ஏறக்குறைய அத்தனை கார்டுகள் அவருக்கு வந்துவிடுகின்றன.

முதலில் கொடுக்க வேண்டும். பிறகே வரும். யாரிடமிருந்து வரும் என்று கேட்கக்கூடாது. இந்த ஒரே நம்பிக்கையின் மேல்தான் 7 கோடிக் கார்டுகள் பயணம் செய்திருக்கின்றன.

புதிதாகச் சேர்ந்தவர் ஒரே சமயத்தில் 5 கார்டுகள் வரை அனுப்பலாம். கார்டுகள் போய்ச் சேரச் சேர, இந்த அளவு கூடும். 60 நாட்கள் ஆகியும் ஒரு கார்டு போய்ச் சேரவில்லை என்றால், அதற்குப் பதிலாக வேறு விலாசம் கேட்டு எழுதலாம். காணாமல் போன கார்டு பிறகு வந்து சேர்வதும் உண்டு. ஓராண்டு வரை அதைப் பதியலாம்.

காலணாக் கார்டு!

பொழுதுபோக்கு புதியது. கார்டு பழையது.

ஆஸ்திரியாவில் எமானுவேல் ஹெர்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் இருந்தார். 'நாலு வரிச் செய்திக்கு எதற்குக் காகிதமும் உறையும்? ஓர் அட்டையிலேயே எழுதி அனுப்பினால் செலவு மிச்சமாகுமே!' என்று 1869-ம் ஆண்டு ஜனவரியில் பத்திரிகையில் எழுதினார். அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, உலகத்தின் முதல் அதிகாரபூர்வமான தபால் கார்டு விற்பனைக்கு வந்தது.

அந்த நாளைத்தான் 2020 முதல் உலகக் கார்டு தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்தியாவுக்குக் கார்டு வந்தது 1879-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. லண்டனில் அச்சானது. விலை காலணா. ஒரு ரூபாய்க்கு 64 கார்டு! கடிதத்துக்கு அப்போது அரையணா. பாதிச் செலவில் செய்தி போனதால், ஏழை எளியவர்கள் கார்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஓசூருக்கு இதில் ஒரு பொருத்தம் உண்டு. ஓசூருக்கு அருகே உள்ள தொரப்பள்ளியில் 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி பிறந்தவர் ராஜாஜி. இந்தியாவின் முதல் இந்திய கவர்னர் ஜெனரல். தபால் கார்டைவிட அவர் ஏழு மாதத்துக்கும் குறைவாகவே மூத்தவர். அவருக்குச் சம்பந்தியான காந்தியடிகளோ, கார்டில் எழுதுவதில் மிகுந்த விருப்பம் உடையவர். தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் கார்டு வெறும் அட்டையாகவா இருந்தது? நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வந்தால் நல்ல செய்தி. கல்யாணமோ, காதுகுத்தோ! மூலையில் கறுப்பு மை பூசி வந்தால், படிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகுரல் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தபால்காரரே படித்துச் சொல்வார். கார்டில் எழுதியது ஊருக்கே தெரியும். அதனால் என்ன? மறைப்பதற்கு அதில் என்ன இருந்தது!

கார்டில் படம் வந்ததற்கும் ஒரு கதை உண்டு. ஆரம்பத்தில் ஒரு பக்கம் முழுவதும் விலாசத்துக்கே போய்விட்டது. மறுபக்கத்தில்தான் செய்தி. 1902-ம் ஆண்டில் பிரிட்டன் ஒரு புது விதி செய்தது. விலாசப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுதலாம் என்றது. மறுபக்கம் முழுவதும் காலியானது. அங்கே படம் வந்து குடியேறியது!

ஒரே தபால்தலை!

ஓசூரில் ஒட்டும் இந்தியத் தபால்தலையை நம்பிப் பின்லாந்துத் தபால்காரர் ஏன் வீடு வரை நடக்க வேண்டும்? அவருக்குச் சம்பளம் கொடுப்பது இந்தியா அல்லவே!

இந்தக் கேள்விக்கு 1874-ம் ஆண்டில் விடை கண்டார்கள். அதற்கு முன்னால், வெளிநாட்டுக் கடிதம் என்றால் பெரிய தொல்லை. கடிதம் எத்தனை நாடுகளைக் கடக்கிறதோ, அத்தனை கணக்கு. நாட்டுக்கு நாடு தனித்தனி ஒப்பந்தம்.

அந்த ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 'தபாலைப் பொறுத்தவரை உலகம் முழுவதும் ஒரே நாடு. அனுப்பும் நாட்டில் ஒட்டிய தபால்தலை எல்லா இடத்திலும் செல்லும்' என்று முடிவு செய்தார்கள். இப்படிப் பிறந்ததுதான் அகில உலகத் தபால் சங்கம். இந்தியா 1876-ல் சேர்ந்தது. இன்று 192 நாடுகள் அதில் இருக்கின்றன.

சண்டை போடும் நாடுகள்கூடத் தபால் விஷயத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கின்றன. இது சாதாரணச் செய்தி அல்ல.

5-ம் 6-ம்!

எல்லை என்றால் என்ன என்று ஓசூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜூஜூவாடி தமிழ்நாடு. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். நடந்தே போய்விடலாம். காலையில் இங்கே சாப்பிட்டுவிட்டு அங்கே வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அங்கிருந்து இங்கே வருகிறவர்களும் உண்டு.

ஆனால், தபால் கணக்கில் இரண்டும் வேறு வேறு மண்டலம்! ஓசூரின் பின்கோடு 635109. கிருஷ்ணகிரிக்கு 635001. அத்திப்பள்ளிக்கு 562107. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம். 5 என்றால் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா.

இந்த 6 இலக்க எண் 1972-ம் ஆண்டு ஆகஸ்ட் 15-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. இதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற தபால் துறை அதிகாரி. அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் நாடு இது. விலாசத்தைப் பல மொழிகளில், பல எழுத்துகளில் எழுதும் நாடு. எழுத்துப் புரியாவிட்டாலும் எண் புரியும் அல்லவா?

வெளிநாட்டிலிருந்து வரும் கார்டு, இந்த எண்ணைப் பார்த்துத்தான் ஓசூருக்கு வழி கண்டுபிடிக்கிறது. பெங்களூர் 40 கிலோ மீட்டர் தூரத்தில் இருந்தாலும், ஓசூர்க் கார்டு தமிழ்நாட்டுக் கார்டுதான்!

பேனா நண்பர்கள்

முகம் தெரியாதவருக்கு எழுதுவது தமிழர்களுக்குப் புதிதா? இல்லவே இல்லை.

'பேனா நண்பர்கள்' என்ற சொல் ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்களில் வெகு பிரபலம். பத்திரிகைகளில் பெயர், வயது, விலாசம், பொழுதுபோக்கு எல்லாம் வெளிவரும். படித்தவர்கள் எழுதிப் போடுவார்கள். பின்லாந்தில் துர்க்கு என்ற நகரில், உலக மாணவர்களுக்குப் பேனா நண்பர்களைத் தேடித் தருவதற்கென்றே ஒரு நிறுவனம் 1952 முதல் 2008 வரை நடந்தது.

இன்னொரு கூட்டமும் இருந்தது. சிற்றலை வானொலி நேயர்கள்! இரவில் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகித் திருகி, வெளிநாட்டு நிலையங்களைப் பிடிப்பார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அலைவரிசை, ஒலி தெளிவாக இருந்ததா, என்ன நிகழ்ச்சி கேட்டது என்று விவரமாக நிலையத்துக்கு எழுதுவார்கள். விவரம் சரி என்றால், நிலையத்திலிருந்து ஒரு படக் கார்டு வரும். அதற்குக் 'கியூ.எஸ்.எல். கார்டு' என்று பெயர்.

சீன வானொலி 1963-ம் ஆண்டு ஆகஸ்ட் 1-ந் தேதி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்குத் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட நேயர் மன்றங்கள் தோன்றின. பெய்ஜிங் நகரத்துக்குத் தமிழில் கடிதம் போனது! அங்கிருந்து தமிழிலேயே பதில் வந்தது!

பிறகு காலம் மாறியது. பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017-ல் நின்றது. கடிதம் எழுதும் பழக்கம் குறைந்தது. ஆனால் தபாலுக்குக் காத்திருக்கும் மனம் போய்விடவில்லை. அந்த மனம்தான் இப்போது கார்டைக் கையில் எடுத்திருக்கிறது. ஓசூருக்குப் பக்கத்தில், பெங்களூரில், இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் அவ்வப்போது கூடிச் சந்திப்பதும் உண்டு. கார்டுகளைக் காட்டுகிறார்கள், ஒரே கார்டில் பலர் கையெழுத்திட்டு அனுப்புகிறார்கள்.

என்ன எழுதுவது?

"எனக்கு என்ன எழுதத் தெரியும்? நான் என்ன பெரிய படிப்பாளியா?" என்று சிலர் தயங்கலாம்.

தயக்கமே வேண்டாம். கார்டில் இடமே ஐந்தாறு வரிக்குத்தான்! கதை வேண்டாம், கவிதை வேண்டாம். தினமும் பார்ப்பதை எழுதினால் போதும். நமக்குச் சாதாரணமாகத் தெரிவது, தூர தேசத்துக்காரருக்கு அதிசயம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எழுதுவதற்கா பஞ்சம்?

எழுதலாம்: "எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. பஸ் நிலையத்தில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் இந்தியும் ஒடியாவும் பேசுவார்கள்."

எழுதலாம்: "எங்கள் மாவட்டத்தில் விளையும் ஒரு மாம்பழத்தின் மூக்கு, கிளி மூக்குப்போல் வளைந்திருக்கும். அதன் பெயர் 'பெங்களூரா'. ஆனால் காய்ப்பது கிருஷ்ணகிரியில்!"

எழுதலாம்: "காதலர் தினத்துக்காக நீங்கள் வாங்கிய ரோஜா எங்கள் ஊரிலிருந்து வந்திருக்கலாம்."

எழுதலாம்: "எங்கள் மாவட்டத்தில் மயிலாடும்பாறை என்ற இடம் இருக்கிறது. அங்கே தோண்டி எடுத்த இரும்பு, கி.மு. 2172-ம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2022-ல் தெரியவந்தது. 4,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இரும்பு இருந்தது. இன்றும் நாங்கள் இரும்போடுதான் வேலை செய்கிறோம்."

இந்தக் கடைசி வரியை ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியைத் தவிர வேறு யார் எழுத முடியும்?

ஓசூரில் 1980-ல் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. இருவர் ஏறிச் செல்லும் 'டி.வி.எஸ். 50' அந்த ஆண்டு இங்கேதான் பிறந்தது. பின்னர் 'டைட்டன்' கைக்கடிகாரத் தொழிற்சாலை வந்தது. தாத்தா ஒரு தொழிற்சாலையிலும் பேரன் ஒரு தொழிற்சாலையிலும் வேலை பார்த்த குடும்பங்கள் இங்கே உண்டு. அந்தக் கதையில் ஒரு துண்டு போதும், ஒரு கார்டு நிரம்பிவிடும்.

பெறுபவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே செய்தியை எளிய ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். பள்ளியில் படிக்கும் மகளோ மகனோ ஆங்கிலத்தில் எழுதட்டும். அப்பாவும் அம்மாவும் கீழே தமிழில் கையெழுத்துப் போடட்டும். 'வணக்கம்' என்று பெரிதாக எழுதி, அதன் பொருளைப் பக்கத்தில் சொல்லலாம். வேற்று நாட்டு எழுத்தைக் காண்பதில் இந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்குத் தனி ஆசை. புதிதாக எழுதக் கற்ற கையெழுத்தானாலும் சரி, அவர்களுக்கு அது சித்திரம்!

கார்டு வந்து சேர்ந்தால், குழந்தைகளுக்கு அதுவே பூகோளப் பாடம். சுவரில் ஓர் உலகப் படத்தை ஒட்டி, கார்டு வந்த ஊர்களைப் புள்ளி வைத்துக் காட்டலாம். பாடப் புத்தகத்தில் படித்த நாட்டுக்கு அன்று முதல் ஒரு முகம் வந்துவிடும்.

கவனம் தேவை!

சில விஷயங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

விலாசத்தை எல்லாரும் பார்க்க முடியாது. கார்டு எழுத வேண்டியவருக்கு மட்டுமே போகும் என்பது உண்மை. என்றாலும், அவர் அந்நியர் என்பதை மறக்கக்கூடாது. குழந்தைகள் தனியாக இதில் இறங்கக்கூடாது. பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கார்டில் பணவிஷயம் எழுதக்கூடாது. வங்கி எண், ஆதார் எண் எதுவும் கூடாது. யாராவது பணமோ பரிசோ கேட்டால், பதிலே போடக்கூடாது.

வாடகை அறையில் தங்கி வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி இடம் மாறுவார்கள். வெளிநாட்டுக் கார்டு வந்து சேரப் பல வாரங்கள் ஆகும். ஆகவே, மாறாத ஒரு விலாசத்தைக் கொடுப்பது நல்லது. இடம் மாறினால், மறக்காமல் புது விலாசத்தைப் பதிய வேண்டும்.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உள்நாட்டுத் தபால் கார்டு 50 காசு. வெளிநாட்டுக் கார்டுக்கு அதைப்போலப் பல மடங்கு தபால்தலை ஒட்ட வேண்டும். படக் கார்டின் விலை தனி. எவ்வளவு என்று தபால் நிலையத்தில் கேட்டுக்கொண்டு ஒட்ட வேண்டும். குறைவாக ஒட்டினால் கார்டு நடுவழியில் நின்றுபோகும். மாதத்துக்கு ஒரு கார்டு போதும். ஆண்டுக்கு 12 வீடுகள் ஆகின்றனவே!

விலாசத்தை ஆங்கில எழுத்தில் தெளிவாக எழுதி, நாட்டின் பெயரைக் கடைசி வரியில் பெரிய எழுத்தில் போட வேண்டும். கடையில் விற்கும் கார்டுதான் வேண்டும் என்பதில்லை. கெட்டியான அட்டையில் குழந்தை வரைந்த கோலமும் போகும்.

தபால்தலை சேர்ப்பவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. மாமல்லபுரம், கன்னியாகுமரி போன்ற ஊர்களின் தபால் நிலையங்களில் ஊரின் சின்னம் பொறித்த முத்திரை இருக்கிறது. சுற்றுலா போகும்போது அங்கிருந்து ஒரு கார்டு போட்டால், பெறுபவர் பத்திரப்படுத்திக்கொள்வார்.

தபால் நின்றால்?

தபால் என்றும் இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை.

2020-ம் ஆண்டில் கொரோனா நோய் பரவியது. விமானங்கள் நின்றன. வெளிநாட்டுத் தபாலும் நின்றது. வழியில் இருந்த கார்டுகள் மாதக்கணக்கில் மூட்டைக்குள் கிடந்தன.

2022-ல் உக்ரைன் போர் மூண்டது. ரஷ்யாவுக்கும் பல நாடுகளுக்கும் இடையே தபால் போக்குவரத்து அறுந்தது. கார்டு எழுதிப் பழகியவர்கள் ஒருவருக்கொருவர் பகைவர்கள் அல்ல. ஆனாலும் எழுத முடியவில்லை.

2025 ஆகஸ்டு கடைசியில், அமெரிக்காவின் புதிய சுங்க விதிகளால் அந்த நாட்டுக்குச் செல்லும் தபாலை இந்தியா நிறுத்த நேர்ந்தது. அக்டோபர் 15-ந் தேதிதான் மீண்டும் தொடங்கியது.

டென்மார்க் கதை இன்னும் வருத்தமானது. அந்த நாட்டில் 1624-ல் தொடங்கிய தபால் துறை, 2025-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கடித வேலையை நிறுத்திக்கொண்டது. 400 ஆண்டுப் பழக்கம்! தெருக்களில் நின்ற சிவப்புத் தபால் பெட்டிகளைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அங்கே இப்போது தனியார் நிறுவனம் ஒன்று கடிதங்களைக் கொண்டுபோகிறது.

கடிதம் குறைந்ததே இதற்குக் காரணம். எழுதுபவர் இல்லாவிட்டால் பெட்டி எதற்கு? நம் ஊரிலும் சிவப்புப் பெட்டிகள் இருக்கின்றன. பல பெட்டிகளில் ஒரு நாளைக்கு ஒரு கடிதம் விழுவதே அரிது. தபால்காரர் பையில் வங்கிக் காகிதமும் கம்பெனி நோட்டீசும்தான் அதிகம்.

அந்தப் பைக்குள் ஒரு வண்ணக் கார்டு வந்தால் எப்படி இருக்கும்! பனி மூடிய ஊரின் படம். பின்பக்கத்தில், "உங்கள் ஊரில் மழை பெய்கிறதா?" என்று ஒரு கேள்வி. கேட்டவர் யாரோ! ஆனால் அவர் கேட்டது ஓசூர் ராம்நகரில் இருக்கும் ஒருவரை. அல்லது கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கும் ஒருவரை. கம்பெனி பெயரை அல்ல. அந்த மனிதரின் பெயரை எழுதிக் கேட்டிருக்கிறார்.

தொழிற்சாலையில் செய்த பொருளின் மேல் கம்பெனி முத்திரை இருக்கும். தோட்டத்தில் பறித்த ரோஜாவின் மேல் வியாபாரியின் சீட்டு இருக்கும். அவற்றில் எழுத முடியாத பெயரைக் கார்டில் எழுதலாம். யாரும் தடுக்கப் போவதில்லை.

அக்டோபர் 1-ந் தேதி கார்டு தினம். 9-ந் தேதி உலகத் தபால் தினம். அதுவரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு கார்டு எழுதலாம். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடலாம்.